பெருக்கெண்ணும் மண்டிக் கணக்கும்: ஆரணி ஆய்வுகளை முன்வைத்துச் சிறுநகர, வட்டாரத் திட்டமிடல் குறித்த ஒரு விமர்சனம்

ஆய்வுச் சுருக்கம்

சிறுநகரத்தை வளர்த்தால் அதனைச் சூழ்ந்த ஊர்களும் வளரும் என்னும் எடுகோள் இந்தியத் திட்டமிடலில் அரை நூற்றாண்டாகத் தொடர்ந்து வருகிறது. ஆரணியையும் அதன் வட்டாரத்தையும் பற்றி 1973 முதல் நடந்துள்ள ஆய்வுகள் அந்த எடுகோளைச் சோதிப்பதற்கு அரிய சான்றுகளைத் தருகின்றன. வேளாண் வளர்ச்சியின் பெருக்கு விளைவை அளந்த ஆய்வும், ஊரின் வணிகத்தைக் கணக்கெடுத்த ஆய்வும் ஒரே நூலில் இடம்பெற்றும் வெவ்வேறு திசைகளைக் காட்டியதை இக்கட்டுரை ஆராய்கிறது. வட்டாரத்தில் உருவாகும் உபரி யார் கையில் தங்குகிறது என்னும் வினாவைத் திட்ட ஆவணங்கள் எழுப்பாமையே அவற்றின் அடிப்படைக் குறை என வாதிடுகிறது.

திறவுச் சொற்கள்: ஆரணி, சிறுநகரம், வட்டாரத் திட்டமிடல், பெருக்கு விளைவு, பட்டு நெசவு, நெல் வணிகம், மாவட்டத் திட்டக் குழு.

முன்னுரை

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘நகரம்’ என்னும் சொல் வீடுகள் நெருங்கிய ஓர் இடத்தை மட்டும் குறிக்கவில்லை. வணிகர்களின் அவையையும் குறித்தது. சோழர் கால வணிகத்தையும் அரசையும் பற்றி 1980இல் நூல் வெளியிட்ட கென்னத் ஹால், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நகரம் சந்தை மையமாக விளங்கியது என்று வாதிட்டார். அவ்வாதம் எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவில் பொருந்துமா என்பது தனி வினா. எனினும், நாட்டை விலக்கி நகரத்தையும் நகரத்தை விலக்கி நாட்டையும் விளக்க இயலாது என்னும் பார்வை அதில் உண்டு. வரிக்கும் கொடைக்கும் கணக்கெழுதியோர் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணினர்.

இன்றைய ஆட்சியமைப்பு அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. நகராட்சி ஒரு துறையின்கீழ் வருகிறது. அதன் எல்லைக் கல்லுக்கு அப்பால் தொடங்கும் ஊராட்சி வேறொரு துறையின்கீழ் வருகிறது. நிதி வரும் வழி வேறு, கோப்பு செல்லும் வழி வேறு. ஒரு சிறுநகரத்துக்கும் அதன் வட்டாரத்துக்கும் பொருளாதாரத் திட்டம் தீட்ட முற்படுவோர் முதலில் எதிர்கொள்வது இந்தப் பிளவையே. அதற்கு முன்பே எழ வேண்டிய வினா ஒன்று உண்டு: ஊருக்கும் வட்டாரத்துக்கும் இடையில் உண்மையில் ஓடுவது எது, எத்திசையில் ஓடுகிறது?

இவ்வினாவுக்கு ஊகத்தால் அன்றிச் சான்றுகளால் விடை தேடக்கூடிய சிறுநகரங்கள் இந்தியாவில் மிகச் சில. அவற்றுள் ஆரணி ஒன்று.

ஆரணியும் அதன் ஆய்வாளர்களும்

கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணி, முன்னாள் வட ஆர்க்காடு மாவட்டத்தின் சந்தை ஊர்களுள் ஒன்று. 1989இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் திருவண்ணாமலையோடு சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 64 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். பட்டுச் சேலையும் பொன்னி அரிசியும் ஊரின் பெயரை வெளியே கொண்டு சென்றவை. தொடர்வண்டி ஊருக்குள் வரவில்லை. ‘ஆரணி ரோடு’ என்னும் பெயர் தாங்கிய நிலையம் களம்பூரில் இருக்கிறது. பெயர் ஓரிடத்திலும் நிலையம் வேறோரிடத்திலும் அமைந்த இந்தச் சிறு செய்தியிலேயே ஊருக்கும் வட்டாரத்துக்கும் உள்ள உறவின் இயல்பு ஓரளவு புலப்பட்டுவிடும்.

புதிய நெல் வகைகள் பரவத் தொடங்கிய காலத்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினரும் சென்னைப் பல்கலைக்கழகத்தினரும் இணைந்து இப்பகுதி ஊர்களில் 1973–74இல் கள ஆய்வு நடத்தினர். அதன் முடிவுகள் பி.எச். ஃபார்மர் பதிப்பித்த நூலாக 1977இல் வந்தன. அக்குழுவில் இருந்த பார்பரா ஹாரிஸ் (பின்னாளில் பார்பரா ஹாரிஸ்-ஒயிட்) நெல் வணிகத்தைப் பின்தொடர்ந்து ஆரணிக்கு வந்தவர். 1973, 1983, 1993 ஆகிய ஆண்டுகளில் ஊரின் கடைகளையும் தொழில்களையும் அவர் கணக்கெடுத்தார். அவரும் அவரோடு சேர்ந்த பிற ஆய்வாளர்களும் மேலும் இருபது ஆண்டுகள் தொடர்ந்த பணி 2016இல் தொகுப்பு நூலாக வெளிவந்தது. ஒரே சிறுநகரத்தை நான்கு பத்தாண்டுகள் விடாமல் பார்த்த ஆய்வு வேறெங்கும் எளிதில் கிடைப்பதன்று. தமிழில் அது போதிய அளவு பேசப்படாதது வியப்புக்குரியது.

1955இல் பெர்ட் ஹோசலிட்ஸ் நகரங்களை இருவகையாகப் பகுத்தார்: சுற்றுப்புறத்தின் வளர்ச்சியைத் தூண்டும் ஆக்க நகரங்கள், சுற்றுப்புறத்தை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி நகரங்கள். ஜான் ஹாரிசும் பார்பரா ஹாரிசும் 1984இல் எழுதிய கட்டுரை இந்தப் பாகுபாட்டையே ஆரணியின் முன் வினாவாக வைத்தது. ஆரணி இவ்விரண்டில் எதற்குள்ளும் முழுமையாக அடங்கவில்லை. பாகுபாடு நகரத்தை ஒற்றை உயிராகக் கருதுகிறது. ஊரிலோ வட்டாரத்துக்கு வேலை தருவோரும் வட்டாரத்தின் உபரியைத் திரட்டிக்கொள்வோரும் பல இடங்களில் ஒரே ஆட்களாகவே இருந்தனர்.

ஒரே நூலில் இரண்டு பார்வைகள்

பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் 1991இல் வெளியிட்ட பசுமைப் புரட்சி பற்றிய நூல், திட்டமிடலாளர்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது. 1973–74இல் ஆராயப்பட்ட வட ஆர்க்காட்டு ஊர்களுக்குப் பத்தாண்டு கழித்து மீண்டும் சென்று எடுத்த தரவுகள் அதன் அடித்தளம். புதிய நெல் வகைகளால் பெருநிலக்காரர்கள் மட்டுமே பயன் பெறுவர் என்று முன்னர் நிலவிய அச்சத்தை அந்நூல் மறுத்தது; சிறு உழவர்களின் வருவாயும் நிலமற்ற கூலியாளர்களின் வருவாயும் உயர்ந்ததைக் காட்டியது. அம்மறுப்பு தரவின் வலிமை உடையது. அதனைப் புறந்தள்ளுவதற்கு இல்லை.

நூலின் புகழ்பெற்ற முடிவு வேறொன்று. வேளாண்மையில் ஒரு ரூபாய் மதிப்புக் கூடினால், அவ்வட்டாரத்தின் வேளாண்மை சாராத பிரிவில் மேலும் 87 காசு மதிப்புக் கூடுகிறது என்று அது மதிப்பிட்டது. உழவர் வாங்கும் உரம், எந்திரப் பழுது, நெல் அரவை, போக்குவரத்து ஆகியவற்றால் வருவது ஒரு பகுதி. வருவாய் உயர்ந்த குடும்பங்கள் துணி, பாத்திரம், திரைப்படம், கல்வி, மருத்துவம் என்று செலவிடுவதால் வருவது இன்னொரு பகுதி. இந்த எண் சிறுநகரத் திட்டங்களுக்கு ஒரு நியாயத்தை வழங்கியது. வயலில் போடும் பணம் கடைத்தெருவில் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்றால், கடைத்தெருவைச் சீராக்கித் தருவதே அரசின் வேலை என்று முடிவு செய்வது எளிதாயிற்று.

இந்நூலிலேயே ஆரணி பற்றிய தனி இயல் ஒன்றும் இருக்கிறது. அதனை எழுதியவர் பார்பரா ஹாரிஸ். 1973க்கும் 1983க்கும் இடையில் ஊரின் தனியார் தொழில்களில் நேர்ந்த மாற்றங்களை அது ஆராய்கிறது. அங்கே தெரியும் ஆரணி, பெருக்கெண் காட்டும் ஆரணியோடு முற்றிலும் ஒத்துப்போவதில்லை. ஊரின் வளர்ச்சியில் பட்டு நெசவுக்கும், தொலைவிலுள்ள பெருநகரங்களோடு கொண்ட மொத்த வணிகத்துக்கும் கணிசமான பங்கு இருந்தது. சுற்றியுள்ள வயல்களின் விளைச்சலால் மட்டுமே ஊர் வளர்ந்தது என்று கூறுவதற்கில்லை. சொத்து ஒரு சில வணிகக் குடும்பங்களிடம் குவிந்திருந்தது. ஒரே அட்டைக்குள் அமைந்த இவ்விரு பார்வைகளையும் பின்வந்த கொள்கை ஆவணங்கள் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், எழுப்பும் வினாக்களே மாறியிருக்கும். அவை எடுத்துக்கொண்டது எண்ணை மட்டுமே. ஒற்றை எண்ணை மேற்கோள் காட்டுவது எளிது. ஒரு கடைத்தெருவை மேற்கோள் காட்ட முடிவதில்லை.

பெருக்கெண் பொய்யானதன்று, அது விடை கூறும் வினா குறுகியது என்பதே குறை. மதிப்பு எவ்வளவு கூடியது என்பதை அது அளக்கிறது. கூடிய மதிப்பு மண்டிக்காரரின் இலாபமாகச் சென்றதா, சுமை தூக்குவோரின் கூலியாகச் சென்றதா, சென்னையில் மனை வாங்கப் பயன்பட்டதா என்பதை அளப்பதில்லை. தேவை கூடினால் வட்டாரத்திலேயே வழங்கல் தானாகக் கூடும் என்பதும் இவ்வகை மாதிரிகளில் உள்ள எடுகோள். 1970களின் ஆரணிக் கடையில் விற்ற பாத்திரமும் துணியும் எவ்வூரில் செய்யப்பட்டவை என்று கேட்டால் அந்த எடுகோளின் எல்லை தெரிந்துவிடும். இன்று கைப்பேசியையும் இருசக்கர வண்டியையும் வைத்துக் கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நெல்

நெல்லின் வழியைப் பின்தொடர்ந்தால் இது விளங்கும். வட ஆர்க்காட்டில் உழவர் நெல்லை அறுவடை முடிந்த கையோடு விற்கக் காரணம், பெரும்பாலும் விலை நல்லதாக இருப்பதன்று, கடன். விதைப்புக்கு முன்பணம் தந்தவரிடமே நெல் சென்று சேர்கிறது. முன்பணத்துக்கு வட்டி என்று தனியாக எழுதப்படாமலும் போகலாம். அது விலையிலோ எடையிலோ கழிந்துவிடும். வணிகரும் வட்டிக்குத் தருபவரும் ஆலை உரிமையாளரும் ஒருவரே ஆகும்போது, சந்தை என்று அழைக்கப்படுவது உழவரைப் பொறுத்தவரை ஒரே வாசல் கொண்ட அறை. ஹாரிஸ்-ஒயிட் 1996இல் வெளியிட்ட தென்னிந்திய வேளாண் சந்தைகள் பற்றிய நூலின் துணைத் தலைப்பு வணிகர்களை நாட்டுப்புறத்தின் எசமானர்கள் என்று சுட்டுவது இதனால்தான்.

அரசு இங்கே ஒன்றும் செய்யவில்லை என்று கூற முடியாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வந்தன. நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வந்தன. ஆனால் விற்பனைக்கூடம் எடையையும் ஏலத்தையும் ஒழுங்குபடுத்துமே அன்றி, விதைப்புக் காலத்து முன்பணத்தைத் தருவதில்லை. கடன் இருக்கும் இடத்தில் நெல்லும் இருக்கும். இதை அறியாமல் எழுப்பப்படும் எந்தச் சந்தை வளாகமும் வெறும் கட்டடமாகவே நிற்கும்.

‘ஆரணி அரிசி’ என்று விற்பதில் பெரும்பகுதி நகராட்சி எல்லைக்குள் அரைக்கப்படுவதும் அன்று. களம்பூர் ஒரு பேரூராட்சி. அரிசி ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. ஊராட்சி எல்லைகளிலும் ஆலைகள் உண்டு. ஆகவே, ஆரணியின் முதன்மைத் தொழிலைத் திட்டமிட முற்படும் நகராட்சிக்கு அந்தத் தொழிலின்மீது சட்டப்படி அதிகாரம் இல்லை. அதன் சொத்து வரியும் அதற்கு வருவதில்லை. ஆலைகள் புதுப்பிக்கப்பட்டபோது நேர்ந்த வேறொரு மாற்றமும் எந்த ஆவணத்திலும் ஏறவில்லை. நெல்லை அவித்துக் களத்தில் பரப்பிக் கால்களால் கிளறி உலர்த்துவது பெண்களின் வேலையாக இருந்தது. உலர்த்தும் எந்திரம் வந்தபின் அந்த வேலை இல்லை. ஆலையின் உற்பத்தித் திறன் உயர்ந்தது என்று பதிவாகும் அதே நிகழ்வு, சுற்றுப்புறச் சேரிகளில் ஒரு கூலியின் மறைவாக இருக்கிறது.

பட்டு

பட்டில் இந்த முரண் இன்னும் கூர்மையானது. கச்சாப் பட்டு பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. நெய்து முடித்த சேலை காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் செல்கிறது. அங்கே அதில் ஒரு பகுதி காஞ்சிப் பட்டு என்ற பெயரிலேயே விலையாகிறது. மூலப்பொருளும் சந்தையும் வெளியே இருக்க, ஆரணி வட்டாரத்தில் தங்குவது நெசவாளரின் உழைப்பும் அதன் கூலியுமே. பாவும் ஊடையும் சரிகையும் தந்து, நெய்த சேலையைப் பெற்றுக்கொண்டு கூலி தரும் முதலாளி, தொடக்கத்தில் ஒரு தொகையை முன்பணமாகவும் தருகிறார். அத்தொகை தீராதவரை வேறொருவருக்கு நெய்ய இயலாது. தறி நெசவாளரின் வீட்டில் இருக்கிறது. ஆயினும் அது யாருடைய தறி என்ற வினா எழாமல் இல்லை. தொ.மு.சி. ரகுநாதன் ‘பஞ்சும் பசியும்’ நாவலில் (1953) அம்பாசமுத்திரப் பகுதிக் கைத்தறியாளர்களை எழுதியபோது மையமாக நின்றது நூல். ஆரணியில் அது பட்டு. நெய்பவர் வசமில்லாத ஒரு பொருளின் விலையோடு அவரது அடுப்பு பிணைந்திருக்கும் நிலை மாறவில்லை.

நெசவு ஊரிலிருந்து சுற்றியுள்ள சிற்றூர்களுக்குப் பரவியது. ஹாரிஸ்-ஒயிட்டும் எஸ். ஜனகராஜனும் 2004இல் பதிப்பித்த நூல் ஆரணியை அடுத்த ஊரகப் பட்டு நெசவையும் ஆராய்கிறது. அதே வட்டாரத்தில் நிலத்தடி நீர் இறங்கியதையும் கிணறுகள் வற்றியதையும் ஆராய்கிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். ஏரிகள் பராமரிப்பின்றிப் போயின, கிணறுகள் ஆழமாயின, ஆழப்படுத்த முடியாதவர்கள் நீரை விலைக்கு வாங்கினர் அல்லது பயிரைக் கைவிட்டனர். வேளாண்மை நலிந்த வீடுகளில் தறி இறங்கியது. நெசவுக்குப் புதியவரான குடும்பங்களும் குழி தோண்டித் தறியில் அமர்ந்தன. திட்டமிடலின் மொழியில் இது ஊரகத் தொழில் பரவல்; நற்செய்தியாகவே அறிவிக்கப்படும். முதலாளியின் கணக்கில் இது கூலி குறைந்த உழைப்பைத் தேடிச் செல்வது. சிற்றூர்த் தறியில் கணவன் பெயரில் கணக்கு நடக்க, பாவு பிணைப்பதிலும் இழை சுற்றுவதிலும் மனைவியும் பிள்ளைகளும் தரும் உழைப்பு கூலியாகத் தனித்து எண்ணப்படுவதில்லை.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இந்தப் பிணைப்பை உடைப்பதற்காகவே தோன்றின. அவற்றின் தமிழக வரலாறு நீளமானது. இங்கே விரித்துரைக்க இடமில்லை. மூலப்பொருளை ஒரே நேரத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும் நிதி வலிமை உள்ள சங்கமே தனியார் முதலாளியோடு போட்டியிட முடியும் என்பதை மட்டும் குறிப்பிட்டால் போதும்.

வரைபடம் காட்டுபவை

இவ்வளவு சான்று கிடைத்த வட்டாரத்தில் திட்டமிடல் எதைப் பார்த்தது? வளர்ச்சி மையக் கருத்து பிரான்சுவா பெருவிடமிருந்து வந்தது. அவர் பேசியது பொருளியல் உறவுகளின் வெளியைப் பற்றி. பின்வந்தோர் அதைப் புவியியல் வரைபடத்தில் ஒரு புள்ளியாக்கினர். இந்தியாவில் எல்.கே. சென்னும் அவரது குழுவினரும் தெலங்கானாவின் மிரியாலகூடா வட்டத்தில் செய்த ஆய்வு 1971இல் வெளியானது. எந்த ஊரில் எந்த வசதி இருக்கிறது என்று எண்ணி, ஊர்களைப் படிநிலைப்படுத்தி, விடுபட்ட வசதியை உரிய மையத்தில் அமைக்குமாறு பரிந்துரைக்கும் முறை அது. அஞ்சலகம், வங்கி, உரக்கடை, மருத்துவமனை ஆகியவை எங்கெங்கு இருக்கின்றன என்பதை அம்முறை துல்லியமாகக் கூறும். அந்த வங்கியில் கடன் பெற முடிந்தவர் யார் என்பது அதன் அட்டவணையில் ஒரு கட்டமாக இல்லை.

1979–80இல் தொடங்கிய சிறு, நடுத்தர நகரங்களின் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் முதலில் ஓர் இலட்சத்துக்கு உட்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களை எடுத்துக்கொண்டது. சாலைகள், மனைப்பிரிவுகள், பேருந்து நிலையம், வணிக வளாகம், இறைச்சிக் கூடம் ஆகியவை அதன் வழக்கமான கூறுகள். 2005இல் அது வேறொரு பெரிய திட்டத்துக்குள் கரைந்தது. பேருந்து நிலையம் வேண்டாம் என்று எவரும் கூறப்போவதில்லை; சுற்றுப்புற ஊர்ப் பெண்கள் வேலைக்கு வருவதற்கு அது மிகவும் தேவை. ஆனால் ‘ஒருங்கிணைந்த’ என்னும் அடைமொழி எதையும் எதோடும் ஒருங்கிணைக்கவில்லை. வணிக வளாகக் கடைகள் ஏலத்தில் யாருக்குச் சென்றன என்பதைக் கேட்காத திட்டம், ஏற்கெனவே கடை உள்ளவருக்கு இன்னொரு கடையைக் கட்டித் தருவதாக முடியக்கூடும்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வட்டாரத் திட்டத்துக்கும் முழுமைத் திட்டத்துக்கும் தனித்தனியே இடமளிக்கிறது. நடைமுறையில் அதிகம் புழங்குவது முழுமைத் திட்டமே. அது நிலப் பயன்பாட்டை வண்ணங்களால் வகுக்கிறது: குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை. குழித்தறி உள்ள வீட்டுக்கு எந்த வண்ணம் பூசுவது? படுக்கையறையும் பட்டறையும் ஒன்றான அவ்வீட்டைக் குடியிருப்பு என்றே வரைபடம் எழுதிக்கொள்கிறது. ஆரணியின் மிகப் பெரிய தொழிலிடம் இவ்வாறு வரைபடத்தில் காணாமற்போகிறது. தொழில் என்ற வண்ணம் தொழிற்பேட்டைக்கு ஒதுக்கிய நிலத்துக்குச் சென்றுவிடுகிறது.

வெளியிலிருந்து வந்த தொழிலும் இவ்வட்டாரத்தில் உண்டு. செய்யாறு சிப்காட் வளாகத்தின் காலணித் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுப்புற ஊர்ப் பெண்கள் வேலைக்குச் செல்கின்றனர். மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் உள்ள வேலை ஊரகப் பெண்ணுக்குப் புதியது. முன்பணத்தால் பிணைக்கப்பட்ட தறியோடு ஒப்பிடும்போது அதன் விடுதலைப் பண்பைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. ஆனால் அதே வளாகத்தின் விரிவாக்கத்துக்கு மேல்மா பகுதியில் நிலம் எடுக்க முற்பட்டபோது 2023இல் உழவர்கள் போராடினர். அவர்களில் எழுவர்மீது குண்டர் தடுப்புச் சட்டம் ஏவப்பட்டது. கடும் எதிர்ப்புக்குப் பின் விலக்கப்பட்டது. பெருமாள்முருகனின் ‘ஏறுவெயில்’ (1991) குடியிருப்புக் காலனிக்காக நிலத்தை இழந்த ஒரு குடும்பம் சிதறுவதைப் பேசுகிறது. அங்கே பெற்ற பணம் எவ்வாறு கரைகிறது என்பதே கதையின் பெரும்பகுதி. இழப்பீட்டுத் தொகை போதுமா என்பதோடு நிற்கும் திட்டமிடலுக்கு அந்நாவல் எழுப்பும் வினா எட்டவில்லை. வட்டாரத்துக்கு வேலை வேண்டும், நிலமும் வேண்டும் என்னும் முரணைத் தீர்க்க ஓர் அவை இருந்திருந்தால், அது காவல் நிலையத்துக்குச் சென்றிருக்க வேண்டியதில்லை.

அத்தகைய அவையை அரசமைப்புச் சட்டம் ஏற்கெனவே வகுத்திருக்கிறது. 74ஆம் திருத்தத்தால் சேர்ந்த 243 இசட்.டி. உறுப்பு, மாவட்டத் திட்டக் குழுவை அமைக்கக் கோருகிறது. அதன் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர் ஊராட்சி, நகராட்சிப் பிரதிநிதிகளால் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். நகரத்துக்கும் ஊரகத்துக்கும் பொதுவான அக்கறைகள், இடம்சார் திட்டமிடல், நீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்தல் ஆகியவற்றைக் குழு கருத்தில் கொள்ள வேண்டும் என்று அவ்வுறுப்பு வெளிப்படையாகக் கூறுகிறது. சோழர் காலச் சொற்களில் கூறினால், நாடும் நகரமும் ஒரே அவையில் அமர்வதற்கான ஏற்பாடு. தமிழகத்திலோ 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லை. ஐந்தில் நான்கு பங்கை எங்கிருந்து பெறுவது?

விமர்சனத்தின் எல்லை

ஹாரிஸ்-ஒயிட்டும் எலிசபெத்தா பாசிலேயும் 2000இல் எழுதிய ஆய்வறிக்கை, ஆரணியின் பொருளாதாரத்தை உண்மையில் நெறிப்படுத்துபவை சாதிச் சங்கங்களும் தொழிற் சங்கங்களும் அவை இரண்டும் ஒன்றாகும் இடங்களுமே என்று காட்டியது. யார் கடை திறக்கலாம், கூலி எவ்வளவு, கடன் யாருக்கு என்பவை அரசாணையால் முடிவாவதில்லை. இந்தக் கண்டுபிடிப்பின் ஆழம் மறுக்க முடியாதது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டவுடன் திட்டமிடுவோர் கைகளைக் கட்டிக்கொள்ள வேண்டிய நிலை உருவாகிறது. எல்லாவற்றையும் சாதியும் உறவும் முடிவு செய்கின்றன என்றால், திட்டம் எதற்கு? மறுபுறம், எரிக் டெனிசும் பார்த்தா முகோபாத்யாயும் மேரி-எலன் சேராவும் 2012இல் முன்வைத்த ‘விளிம்புநிலை நகராக்கம்’ என்னும் கருத்து, பெருநகரத்தின் தயவின்றித் தம் போக்கில் வளரும் சிற்றூர்களைக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அத்தன்னியல்பை ஆரணித் தறிகளின் அருகில் நின்று பார்த்தால், அது யாருடைய தன்னியல்பு என்ற ஐயம் எழுகிறது. முதலாளிக்கு இருக்கும் தன்னியல்பு முன்பணம் வாங்கிய நெசவாளருக்கு இல்லை.

இவ்விரு நிலைகளுக்கும் இடையில் அரசு தலையிடக்கூடிய இடங்கள் உள்ளன. அவை பெரும்பாலும் கட்டடங்கள் அல்ல. விதைப்புக் காலக் கடனைக் கூட்டுறவுச் சங்கம் உரிய வாரத்தில் தந்தால் நெல் வேறு வாசலையும் தேடும். தறியின்மீதுள்ள முன்பணத்தைச் சங்கம் தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் நெசவாளர் முதலாளியை மாற்ற முடியும். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு வணிக வளாகத்தின் செலவைவிடப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அரசியல் செலவுதான் பெரிது. வளாகத்துக்கு அடிக்கல் நாட்டும் விழாவில் மேடையேறுவோரும் முன்பணம் தருவோரும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கும் ஊரில் அதை எளிதென்று கூற முடியாது.

நீரின் கணக்கு

நீரைப் பொறுத்தவரை ஒத்திப்போட இடமில்லை. பட்டுச் சாயமிடுதலும் நெல் அவித்தலும் நீரைக் கேட்பவை. கழிவுநீரை வெளியே விடுபவையும்கூட. ஊரின் தொழில் வளர்ந்தால் சுற்றுப்புறக் கிணறுகளே இருபுறமும் ஈடு தர வேண்டியிருக்கும். இதன் முற்றிய நிலையைத் திருப்பூரில் காணலாம். 1995இல் உருவான புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம், ஆயிரம் கோடி ரூபாய் அளவிலான முதலீட்டில், நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீரைக் காவிரிப் பகுதியிலிருந்து கொண்டுவரும் திட்டத்தை நிறைவேற்றியது. தனியார் பங்கேற்புடன் அமைந்த குடிநீர், தொழில்நீர்த் திட்டங்களில் இந்தியாவிலேயே முன்னோடியாக அது பாராட்டப்பட்டது. நீர் உள்ளே வரும் வழி இவ்வாறு திட்டமிடப்பட்டது. அது சாயமேறி வெளியேறும் வழி நொய்யல் ஆறாகவே நீடித்தது. பாசனத்துக்கென 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஒரே நாளில் வேலையிழந்தவர்கள் அந்த முதலீட்டு முடிவுகளில் எதிலும் கருத்துக் கேட்கப்படாதவர்கள்.

ஆரணி திருப்பூர் ஆகிவிடவில்லை. அதன் அளவு வேறு, தொழில் வேறு. ஆனால் கமண்டல நாகநதி பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கும் ஆறு. கழிவை நீர்த்துப்போகச் செய்ய அதில் ஓட்டம் இல்லை. திண்டிவனம்–நகரி புதிய இருப்புப் பாதை, 2006–07இல் ஒப்புதல் பெற்ற ஏறத்தாழ 180 கிலோமீட்டர் திட்டம், வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாகச் செல்ல வேண்டியது. அது எப்போது வந்தாலும் நிலத்தின் விலையும் ஆலைகளின் எண்ணிக்கையும் உயரும். வட்டாரத்தின் எந்தக் கிணறு எந்த ஆழத்தில் இருக்கிறது, எந்த ஆலை எவ்வளவு எடுக்கிறது, எங்கே விடுகிறது என்னும் பேரேட்டை நகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் இருப்புப் பாதை வருவதற்கு முன்பே சேர்ந்து எழுதத் தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, 243 இசட்.டி. உறுப்பில் நீரைப் பகிர்தல் பற்றிய தொடர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அச்சில் இருக்கிறது.